அக்கா துணை

அத்தாயி தெப்பத்தைச் சரியாப் பாத்துக்காமத்தான் கூடப்பொறந்தவனைத் தண்ணிக்குக் குடுத்துட்டாள்னு பேளுக்குறிச்சிச் சந்தையில நாலு பேரு வெத்தலை மென்னுக்கிட்டே பேசுவாளுக. நாலு வருசமாச்சு, இன்னும் அந்தப் பேச்சு ஓயல. கேட்டா எனக்கு உச்சந்தலை கொதிக்கும். ஆனா வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அத்தாயி என்ற கையில அடிச்சுச் சத்தியம் வாங்கி வெச்சிருக்கா. நீங்க வெளியூருக்காரங்க, இங்க ஆருகிட்டயும் போயி ஒளறப் போறதில்ல. அதனால உள்ளதை உள்ளபடி சொல்றேன்.

என்ற பேரு குப்பாயி. ஏரிக்கரையில பால் சொசைட்டிக்கு அடுத்த ஊடு என்றது. கொல்லிமலை அடிவாரம் இது. காளப்பநாயக்கன்பட்டி ரோடு ஏரிக்கு இந்தப் பக்கம் போகுது. அத்தாயியோட காடு, குடியிருக்கற சாளை, மாட்டுக்கொட்டாயி எல்லாம் அந்தப் பக்கம். மலை மேல மழை புடிச்சா அரை நாள்ல ஏரிக்குத் தண்ணி வந்துரும். ஏரி காஞ்சு கெடந்தா குறுக்க நடந்து வந்தரலாம். நெறைஞ்சுட்டா கரை சுத்தித்தான் வரோணும். பால் கேனைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் சுத்தி வாரதுக்குள்ள பால்வண்டி போயிரும்.

அவ புருசன் பழனிமுத்து கெணத்துக்குப் போர் போடற வண்டியில வேலைக்குப் போறவரு. ஆந்திரா, மகாராஷ்டிரான்னு வடக்க போனா மாசக்கணக்குல திரும்ப மாட்டாரு. மாடு, காடு, பாலு எல்லாம் இவ ஒருத்தி தலையிலதான். பால்வண்டியைத் தவற உட்டு உட்டு, ஒரு மழைக்காலத்துல வெறுத்துப் போயி, வாழைமரத்தை வெட்டிச் சேத்துக் கட்டித் தெப்பம் உட்டா. ரெண்டு நாள் நல்லாப் போச்சு. அப்புறம் தண்டு அழுகி நாறிப்போச்சு, காலு வழுக்குச்சு. லாரி டியூபை ஊதி மேல பலகை கட்டிப் பாத்தா. முள்ளுக்குத்தி டப்புனு போச்சு, அன்னைக்குப் பாலு பூராவும் ஏரிக்குத்தான். நான் கரையில நின்னு சிரிச்சேன். அவ மூஞ்சியைப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு.

தொண்ணூத்தெட்டுல அவளே நாமக்கல்லுக்குப் போயி தெர்மாகோல் அட்டை வாங்கியாந்தா. சாமான் கடையில பொட்டிக்குள்ள வெச்சு வாரதை எடுத்துக்கலாமேன்னு நான் சொன்னதுக்கு, "அதெல்லாம் கையில நிமிண்டுனா உதிருது"ன்னுட்டா. கட்டை வெரல் நகத்தால ஒவ்வொரு அட்டையையும் அமுத்திப் பாப்பாளாம். பள்ளம் உழுந்து அப்படியே நின்னா வேண்டாம், எழும்பி வந்தா எடுத்துக்கலாம். கடைக்காரன் ஏனுங்கம்மா, பொண்ணு பாக்க வந்தீங்களா அட்டை வாங்க வந்தீங்களான்னு கேட்டானாம். இவ அசரல. பொறுக்கி எடுத்ததை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, யூரியா சாக்குல போட்டு நைலான் கயித்துல தெச்சு, மூங்கில் சட்டத்துல இறுக்கிக் கட்டி, நிக்கறதுக்கு மேல ஒரு பலகை வெச்சா. நீளம், மேல கவுந்து படுத்தா ஆளை உட அரை மொழம் அதிகம். அது மேல சீலையைத் தார்பாச்சிக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே வருவா பாருங்க, ரெண்டு காலுக்கு நடுவுல பால் கேனு. "கப்பல் கேப்டன் வாராங்க, எல்லாம் எந்திரிங்க"ன்னு சொசைட்டியில நான் சத்தம் போடுவேன். அவ துடுப்பால தண்ணியை என்ற மேல அடிப்பா.

துடுப்புக்கு மலை மேல அரியூர் நாட்டுல இருந்து எறங்கி வார ஒருத்தருகிட்டச் சொல்லி முத்துன மூங்கிலாப் பாத்து வாங்கினா. நின்னுக்கிட்டு கையைத் தூக்கினா மணிக்கட்டு மட்டத்துக்கு வரோணும். குட்டையா இருந்தா இடுப்புப் புடிச்சுக்கும், நெட்டையா இருந்தா தோளு போயிரும். நுனியில வேப்பம்பலகை, கைபுடிக்கிற எடத்துல சைக்கிள் டியூப் சுத்து. வேலை முடிஞ்சதும் தெப்பத்தைக் கரையேத்தி, கல்லு மேல தூக்கி வெச்சு, நெழல்ல காய உடுவா. வெயில்ல போட்டா சாக்கு பொடிப்பொடியாப் போயிரும்பா. துடுப்புக்கு மாசாமாசம் புங்கெண்ணெய். ரெண்டாயிரத்து ஒண்ணுல இருந்து நாலு வருசம் ஏரியில சொட்டுத் தண்ணி இல்ல. உள்ள பூராவும் சீமைக்கருவேலம் மொளைச்சு ஆளு ஒசரத்துக்கு நின்னுச்சு. அந்த நாலு வருசமும் தெப்பத்தை மாட்டுக்கொட்டாயி விட்டத்துல கட்டித் தொங்க உட்டு, எலி ஏறாம கயித்துல முள்ளு சுத்தி, எறும்பு வராம வேப்பந்தழை சொருகி வெச்சிருந்தா. பெத்த புள்ளை இல்லாத குறைக்கு இதைத் தாலாட்டறான்னு அவ மாமியா சொன்னதுண்டு. இவளா தெப்பத்தைப் பாத்துக்கலை? சொல்றவ வாயில மண்ணு.

இப்பத் தம்பி கதைக்கு வாரேன். பூபதின்னு பேரு. ஆத்தா செத்தப்போ அவன் பால் மறக்காத புள்ளை. இவதான் இடுப்புல தூக்கிச் சுமந்து வளத்தா. நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறையில பெயிண்ட் அடிக்கறதுக்குப் போனான். கை சுத்தம். லாரி முதுகுல அவன் எழுதற பூவும் எழுத்தும் ரோட்டுல போறவனை நிறுத்திப் பாக்க வெக்கும். அனுராதான்னு ஒரு புள்ளையைப் புடிச்சுப்போயி, சொல்லாம கொள்ளாம கோயில்ல தாலியைக் கட்டிட்டான். எங்க பக்கம் தம்பி கல்யாணத்துல அக்காதான் இணைச்சீர் செய்யோணும். அக்காளை ஒக்கார வெச்சு, சீலை குடுத்து, தம்பிக்கும் அவளுக்கும் துணியால இணைப்புப் போட்டு, கூடப்பொறந்தவ எப்பவும் கூட இருக்கறாங்கறதுக்குச் செய்யற சீரு. அது இல்லாம நடந்த கல்யாணத்தை அத்தாயியால தாங்க முடியல. "எனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்கறேன்"னு ஊரு கேக்கச் சொல்லிப்போட்டா. அவனும் ரோசக்காரன். படி மிதிக்கலை. ஏழெட்டு வருசம் போச்சு. அவன் பேரை எடுத்தா இவ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு எந்திரிச்சுப் போயிருவா. கொட்டாயிக்குள்ள நின்னு அழுவா, எனக்குத் தெரியும்.

ரெண்டாயிரத்தஞ்சுல மழை கொட்டுச்சு. ஏரி நெறைஞ்சு கருவேலமெல்லாம் முழுகிப்போச்சு. விட்டத்துல கெடந்த தெப்பத்தை எறக்கி, ஒவ்வொரு அட்டையும் தட்டிப்பாத்து, சாக்கை மட்டும் புதுசா மாத்தித் தெச்சு உட்டா. ஜம்முனு மெதந்துச்சு. அந்த வருசம் ஆயுத பூசைக்கு மொத நாளு, ஆரும் கூப்பிடாமயே பூபதி வந்து நின்னான். கூட அனுராதா, அவ கையைப் புடிச்சுக்கிட்டு சின்னப்புள்ளை ராதிகா. "அக்கா"ன்னு ஒரே வார்த்தைதான். அத்தாயி அவன் தலையைப் புடிச்சு நெஞ்சோட வெச்சுக்கிட்டு அழுதது கரை வரைக்கும் கேட்டுச்சுன்னா பாத்துக்குங்க.

மறுநா அருவா, மம்முட்டி, ஏரு, கவாத்துக் கத்திரின்னு எல்லாத்தையும் கழுவிச் சந்தனப் பொட்டு வெச்சாங்க. அப்போ அனுராதாதான் சொன்னா, நங்கையா நிக்கற தெப்பம் மட்டும் வெள்ளைச்சாக்கா அசிங்கமாக் கெடக்குது, பட்டறையில மிஞ்சின பெயிண்டுதான் பையில இருக்குதே, பூசிக் குடுங்கன்னு. புருசனோட அக்காளை எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்புடறது. அந்தப் புள்ளையும் ஒட்டிக்கப் பாத்துச்சுங்க, ஆசையாத்தான் சொன்னது. பூபதியும் பொழுதுக்கும் குந்திக்கிட்டு, சாக்குல நல்லா ஊறட்டும்னு தின்னரைத் தாராளமா ஊத்திக் கலக்கி, மஞ்சள்ள அடிச்சு, செவப்புல கரை கட்டி, முன்னாடி தாமரைப்பூ வரைஞ்சு, லாரியில அம்மா துணைன்னு எழுதறாப்பல 'அக்கா துணை'ன்னு பெருசா எழுதினான். அத்தாயிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாத் தடவிப் படிச்சா. இணைச்சீர் செய்யாத குறை அன்னைக்கோட தீந்துச்சுன்னு எங்கிட்டச் சொன்னா.

அவங்க நாமக்கல்லு திரும்பிப் போன மறுநா காலையில தெப்பத்தைத் தண்ணியில தள்ளிட்டு மேல ஏறுனவளுக்கு என்னமோ மாதிரி இருந்துருக்குது. முன்னாடி பக்கம் தாழ்ந்துச்சாம். நடுவுல கால் வெச்சா நொறநொறன்னு சத்தம். பாதி தூரத்துல திரும்பிப்போயி கரையேத்திட்டு, தையலை ஓரமாக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்தா, உள்ள தெர்மாகோலு வெல்லப்பாகாட்டம் உருகி ஒட்டிக் கெடக்குது. தின்னர் பட்டா தெர்மாகோலு கரையும்னு எங்களுக்கு என்ன தெரியும்? பூபதிக்கே தெரியாது. அவன் தகரத்துலயும் பலகையிலயும் பூசினவன். வெளிய பாத்தா மூங்கில் சட்டம் இழுத்துப் புடிச்சு, சாக்கு பெயிண்டுல வெறைச்சு, கல்யாணப்பொண்ணாட்டம் நிக்குது.

எங்கிட்ட ஓடியாந்து சொன்னா. அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிரு புள்ளைன்னு சொன்னேன். ஒரேயடியா மாட்டேன்னுட்டா. இத்தனை வருசம் கழிச்சு வந்தவன், ஆசையாச் செஞ்சதை நீ கெடுத்துப்போட்டேன்னு எந்த வாயில சொல்றதும்பா. அந்தப் புள்ளை வேற தன்னாலதான்னு குன்னிப் போயிரும், மறுபடியும் வாசப்படி மிதிக்காதும்பா. சரி, புது அட்டை வாங்கிச் சத்தமில்லாம மாத்திருன்னேன். சாக்கைப் பிரிச்சா எழுத்துக் கிழிஞ்சுரும், தீவாளிக்கு வந்தா மொதல்ல அதைத்தான் பாப்பான், தீவாளி போகட்டும்னுட்டா. அது வரைக்கும் ஆரும் எடுத்துரக் கூடாதுன்னு துடுப்பைச் சோளத்தட்டுப் போருக்குள்ள ஒளிச்சு வெச்சா. ஆரு கேட்டாலும் துடுப்பு விரிசல் உட்டுருச்சு, அதனால கரை சுத்தி வாரேன்னு சொல்லிட்டா. தெனமும் அந்த மழையில ரெண்டு கேனையும் ஒண்ணொண்ணாச் சுமந்தா. நான் திட்டுனதுக்கு அளவில்ல.

துடுப்புச் சேதி பால்வண்டிக்காரன் மூலமா நாமக்கல்லு போச்சு. அங்கதாங்க வெனை. பூபதி தீவாளிக்கு மொத நாள் சாயங்காலமே வந்துட்டான், தோள்ல புதுத் துடுப்பு. லாரி பாடிக்குப் போடற நல்ல பலகையில செதுக்கி, இழைச்சு, அதுக்கும் மஞ்சளும் செவப்பும் அடிச்சு. அக்கா ஒசரத்தை மனசுலயே வெச்சு அளவு எடுத்திருக்கான், சரியா மணிக்கட்டு மட்டத்துக்கு இருந்துச்சாம். அத்தாயி அதை வாங்கிச் செவுத்துல சாத்தி வெச்சா. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாத் தண்ணியில எறங்க வேண்டாம், தீவாளி முடியட்டும் கண்ணுன்னு சொல்லி வெச்சா. அவனும் சிரிச்சுக்கிட்டே சரின்னான்.

தீவாளியன்னைக்கு விடிஞ்சும் விடியாம அவன் தூங்கறப்பவே இவ மொதக் கேனைத் தூக்கிட்டுக் கரையோரமா வந்துட்டா. ரெண்டாவது கேனு கொட்டாயி வாசல்ல இருந்துச்சு. நல்ல மழை. சொசைட்டியில வந்து கேனை எறக்கறா, நான் பக்கத்துல நிக்கறேன். பால்வண்டி ஆரன் சத்தத்தைக் கேட்டுட்டு ஏரிப்பக்கம் திரும்பினேன். நடு ஏரியில மஞ்சளாத் தெப்பம் வருது. பூபதி மேல நிக்கறான், காலுக்கு நடுவுல கேனு. அக்கா மழையில இன்னொரு நடை நடக்க வேண்டாம்னு வந்துருக்கான்.

அத்தாயி கேனைப் போட்டுட்டு ஓடினா. திரும்பிப் போ, திரும்பிப் போன்னு கையை ஆட்டிக் கத்துறா. நானும் கத்துறேன். மழையில என்ன கேக்கும்? அவன் நாங்க மெச்சிக்கறோம்னு நெனச்சு, துடுப்பைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினான். அந்த மஞ்சத் தெப்பம் நடுவுல மடங்குச்சு. பாயை மடிச்சாப்பல மடங்கி உள்ள போச்சு. அவனுக்கு நீச்சல் தெரியும், கெணத்துல குதிச்சு வளந்தவன்தான். ஆனா கீழ பூராவும் கருவேல முள்ளு. ஒரு தடவை தலை தெரிஞ்சுச்சு. அப்புறம் தெரியல. தண்ணியில எறங்குன அத்தாயியை நாலு பேரு சேந்து இழுத்துப் புடிச்சோம். என்ற கையைக் கடிச்சு வெச்சா, தழும்பு இன்னும் இருக்குது. பாவிப்பய கேட்டிருக்கலாம், இல்ல இவ சொல்லியிருக்கலாம், என்ன சொல்லி என்னங்க. மத்தியானம்தான் அவனை எடுத்தாங்க.

எழவு ஊட்டுல அனுராதா கதறின கதறலுக்கு நடுவுல நேரா அத்தாயிகிட்ட வந்தா. "ஓட்டைத் தெப்பம்னு தெரிஞ்சேதான வெச்சிருந்தீங்க. எங்க கல்யாணத்தன்னைக்கே அவரை இல்லைன்னு சொன்னவங்கதான நீங்க"ன்னு கேட்டா. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. நான் வாயைத் தொறந்தேன். அத்தாயி என்ற மணிக்கட்டை நெரிச்சாப்பல புடிச்சுக்கிட்டுச் சொன்னா: "ஆமா சாமி. எலி கடிச்சிருந்துச்சு, நான் பாக்காம உட்டுட்டேன்."

வடக்க இருந்து ஓடிவந்த பழனிமுத்துகிட்டயும் அதையேதான் சொன்னா. கட்டின புருசனும் நம்பிட்டாரு, ரொம்ப நாளைக்கு அவ மூஞ்சி பாத்துப் பேசல.

பொறவு எங்கிட்டச் சத்தியம் வாங்குனப்போ, ஏன்டி உனக்கு இந்தக் கேடுன்னு கேட்டேன். பூசச் சொன்னதே அனுராதாதான், இது தெரிஞ்சா அந்தப் புள்ளை கெணத்தைத் தேடிப் போயிரும், ராதிகாவுக்கு அப்பனும் இல்ல ஆத்தாளும் இல்லாமப் போயிரும்னா. அதைக் கேட்டுத்தான் கையில அடிச்சுச் சத்தியம் குடுத்தேன். அனுராதாவும் கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற வேலைக்குப் போயிக் குடும்பத்தை நிமுத்திட்டா. சந்தையில அத்தாயியைப் பாத்தா காறித் துப்புவா, புள்ளையை இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவா. ராதிகா காதுகுத்துக்குக்கூட அத்தைக்காரிக்குச் சொல்லி உடலை. இவ அன்னைக்குக் கொட்டாயிக்குள்ளயே கெடந்தா. எனக்கு அந்தச் சத்தியத்தைத் தூக்கி ஏரியில போட்டுரலாம்னு வந்துச்சு.

போன மாசம் ஒரு நாளு பொழுது சாயற நேரம். நான் அத்தாயி சாளையில மொளகாய் காம்பு கிள்ளிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். கரை மேல விறுவிறுன்னு அனுராதா வாரா. சண்டைக்குத்தான் வாரான்னு நான் எந்திரிச்சுட்டேன். வந்தவ ஒரு துணிப்பையை அவுத்து அத்தாயி முன்னாடி வெச்சா. உள்ள பாதி உருகிச் சுருண்ட தெர்மாகோலு. ராதிகா பள்ளிக்கூடத்துல கண்காட்சியாம், மழைநீர் சேகரிப்புக்கு ஊடு மாதிரி செஞ்சிருக்குது. அதுக்குப் பூசறதுக்குப் பரண்ல கெடந்த பூபதியோட பழைய பெயிண்டு டப்பாவை எடுத்து, தின்னர் ஊத்திக் கலக்கிக் குடுத்தது அனுராதாவேதான். கண்ணு முன்னாடியே கூரை கரைஞ்சு உள்ள போச்சாம்.

"நான்தான பூசச் சொன்னேன்"னா. சத்தமே இல்ல அவளுக்கு.

அத்தாயி மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லீங்க. தெப்பத்துல இருந்தது வேற ஒசத்தி அட்டை, பெயிண்டு அதை ஒண்ணும் பண்ணாது, எலிதான் கடிச்சது, எத்தனை தடவை சொல்றதுன்னு எரிஞ்சு உழுந்தா. அனுராதா என்ற பக்கம் திரும்பினா. "நீங்க சொல்லுங்க குப்பாயக்கா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

நாலு வருசமா இந்த ஒரு கேள்வியை ஆராச்சும் கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கெடந்தவ நான். வாய் வரைக்கும் வந்துருச்சு. அந்தப் புள்ளையோட கையைப் பாத்தேன். பெயிண்டு காயாம வெரல்ல ஒட்டியிருக்குது.

"எலிதான் கண்ணு. நானும் பாத்தேன்"னுட்டேன்.

அனுராதா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம் அப்படியே மண்ணுல ஒக்காந்துட்டா. மாடு கத்துச்சு, அத்தாயி எந்திரிக்கல.

"காலையில எந்திரிச்சதும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் வேலைக்குக் கெளம்புவேன். அந்தத் தெம்புலதான் இத்தனை நாளு ஓடுச்சு"ன்னா அனுராதா. "இனிமே நான் ஆரைத் திட்டறதுங்க நங்கையா?"

அத்தாயி நகந்து வந்து, அந்தப் பெயிண்டுக் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா.

"என்னையவே திட்டு சாமி"ன்னா. "நான் இருக்கற வரைக்கும் என்னையவே திட்டு."